தெருவை வடிவமைக்க ஒரு கோடைக்கால இன்டர்ன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி தாண்டியதும் கல்லூரி மாணவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். சென்னையில் தெருக்களையும் பொது இடங்களையும் சீரமைக்கும் வேலையில் இருக்கிறேன். கோடை விடுமுறையில் எங்களோடு வேலை பார்க்க வந்தவர்கள், வர நினைக்கிறவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா எனப் பலரும் கேட்டதை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன். உதாரணங்கள் எனக்குத் தெரிந்த சென்னையிலிருந்துதான் பெரும்பாலும் வரும்.

அர்பன் டிசைன்னா என்ன சார்? ஆர்கிடெக்ட் ஆபீஸ்ல பில்டிங் வரையறதுதானே?

இல்லை. கட்டடத்தின் சுவர் எங்கே முடிகிறதோ அங்கே இந்த வேலை தொடங்குகிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே இருக்கும் நடைபாதை, சாலை, பஸ் ஸ்டாப், மரம், விளக்குக் கம்பம், மழைநீர் வடிகால், உட்கார ஒரு திண்ணை, பூ விற்கும் அம்மாவின் இடம் எல்லாம் இதற்குள் அடங்கும். வாகனம் ஓடும் பகுதியைப் பொறியாளர்கள் எப்படியும் கவனித்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் நடக்கிறவர், காத்திருக்கிறவர், விற்கிறவர் எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

நான் சிவில் இன்ஜினியரிங். ஆர்கிடெக்சர் படிச்சவங்களை மட்டும்தான் எடுப்பாங்களா?

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் மாணவர்கள் அதிகம் வருவார்கள், அவ்வளவுதான். சிவில் மாணவருக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வடிகாலை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்பது தெரியும். அது இல்லாமல் எந்தத் தெருவும் நிற்காது. சமூகவியல், சமூகப்பணி படித்தவர்கள் வந்தால் மக்களிடம் பேசும் வேலை பல மடங்கு நன்றாக நடக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

எங்கே கேட்கணும்? எப்போ அப்ளை பண்ணணும்?

தெரு வடிவமைப்பு செய்யும் கட்டடக்கலை நிறுவனங்கள், மாநகராட்சிக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்கள், ஐடிடிபி, டபிள்யூஆர்ஐ மாதிரி போக்குவரத்திலும் நகரங்களிலும் வேலை செய்யும் அமைப்புகள் ஆகியவற்றில் கேட்கலாம். ஐடிடிபிக்குச் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. படிப்பை முடித்துவிட்டவர்களுக்கு 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய டியூலிப் என்ற திட்டமும் உண்டு. அதன் வழியாக நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களிலேயே பயிற்சி பெறலாம்.

மே மாதம் சேர வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் வரைபடங்களோடு, நீங்கள் தினமும் நடக்கும் ஒரு தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எங்கே இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது, ஏன், அங்கே என்ன மாற்றலாம் என்று எழுதினால் போதும். வருகிற விண்ணப்பங்களில் நான் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஸ்டைபண்ட் உண்டா?

இடத்துக்கு இடம் மாறும். சேருவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. மாத உதவித்தொகை கொடுக்க முடியாத இடமாக இருந்தாலும் பஸ் செலவும் சாப்பாடும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வெளியூர் மாணவர் ஒருவர் சொந்தக் காசில் சென்னையில் இரண்டு மாதம் தங்குவது சின்ன விஷயமில்லை.

எந்த சாஃப்ட்வேர் தெரிஞ்சிருக்கணும்?

கணினியில் வரைபடம் வரைய ஆட்டோகேட் தெரிந்தால் போதும். முப்பரிமாணப் படத்துக்கான ஸ்கெட்ச்அப், நிலவரைபடத்துக்கான கியூஜிஐஎஸ் இரண்டையும் வந்து கற்றுக்கொள்ளலாம். ஒரு தெருவின் குறுக்குவெட்டுப் படத்தை, அதாவது சுவரிலிருந்து சுவர் வரை குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரிவதை, கையால் அளவோடு வரையத் தெரிந்திருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய தகுதி.

மே மாசம் கத்திரி வெயில்ல ரோட்ல நிக்கணுமா? வீட்ல விடமாட்டேங்கறாங்க.

நிற்க வேண்டிவரும், ஆனால் நாள் முழுக்க இல்லை. மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம்; அந்த நாட்களில் காலை 8 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 8 வரையும்தான் களவேலை வைப்பது வழக்கம். ஆட்கள் அதிகம் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். நடுப்பகலில் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்து வந்ததைப் பதிவு செய்வீர்கள். அதற்காக ஒரு தடவையாவது மதியம் ஒரு மணிக்கு அந்தத் தெருவில் கால் மணி நேரம் நடந்து பாருங்கள். பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் நிழற்குடையை விட்டுவிட்டு ஒரு கம்பத்தின் ஒல்லியான நிழலில் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். மரம் எங்கே வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு கிடையாது.

பெண் மாணவிகளின் பெற்றோருக்கு: களத்துக்கு யாரையும் தனியாக அனுப்பக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும். இரவுக் கணக்கெடுப்புக்கு அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். இதைச் சேரும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் போகவே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். எந்த விளக்கு எரியவில்லை, எந்த இடத்தில் பெண்கள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள் என்பதெல்லாம் இரவில்தான் தெரியும்.

முதல் வாரம் என்ன செய்வோம்? நேரா டிசைன் பண்ண விடுவாங்களா?

விடமாட்டார்கள், விடவும் கூடாது. முதல் இரண்டு வாரம் அளப்பதும் எண்ணுவதும்தான். டேப்பை வைத்து ஒவ்வொரு 20 மீட்டருக்கும் ஒரு குறுக்களவு எடுப்பீர்கள். சுவரிலிருந்து சுவர் வரை எவ்வளவு, நடைபாதை எவ்வளவு, அதில் ஈபி பெட்டி, டிரான்ஸ்பார்மர், மேன்ஹோல் மூடி, பெயர்ப்பலகை, கோயில் திண்டு போக நடக்க மிச்சம் எவ்வளவு என்று எழுத வேண்டும். சர்வே படத்தில் 2 மீட்டர் என்று இருக்கும் நடைபாதையில் நடக்கக் கிடைப்பது 60 சென்டிமீட்டர்தான் என்பது டேப் வைத்தால்தான் தெரியும்.

அடுத்தது எண்ணுவது. ஓர் இடத்தில் நின்று, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, நடந்து போகிறவர்களைக் கோடு போட்டு எண்ணுங்கள். மொத்தமாக எண்ணினால் பயனில்லை. ஆண், பெண், குழந்தை, முதியவர், கையைப் பிடித்து நடக்கிறவர் எனப் பிரிக்க வேண்டும். நடைபாதையில் போகிறவர் எத்தனை, சாலையில் இறங்கி நடக்கிறவர் எத்தனை என்பதையும் தனித்தனியே குறிக்க வேண்டும். வார நாளில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை, இரண்டும் வேண்டும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. தெருவின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் எடுத்துக்கொண்டு, நகராமல் இருக்கிறவர்களைக் குறிப்பது. நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், விற்பவர், விளையாடுபவர் என ஒவ்வொருவரையும் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். நியூயார்க்கில் 1970களில் வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் சதுக்கங்களில் கேமரா வைத்து இதைத்தான் செய்தார். உட்கார இடம் இருக்கும் சதுக்கத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்ற எளிய விஷயம் அதில் வெளியே வந்தது. அந்த நகரம் தன் விதிகளையே மாற்றியது. நம் ஊர்த் தெருவில் புள்ளி வைத்துப் பார்த்தால் டீக்கடை, கோயில் வாசல், பஸ் ஸ்டாப், ஏதோ ஒரு பெரிய மரம் ஆகிய நான்கைச் சுற்றி அவை குவிந்திருக்கும். வடிவமைப்பை அந்தக் குவியலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்கணும்னு ரூல் இருக்கா?

இருக்கிறது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐஆர்சி 103 என்ற வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டரும் கடைத்தெருவில் 2.5 மீட்டரும் கேட்கிறது. நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இங்கே 'தடையில்லாமல்' என்பதுதான் முக்கியம். மரமும் கம்பமும் கடை வாசல் படியும் அந்த 1.8 மீட்டருக்குள் வரக்கூடாது, அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 60 அடி சாலை என்றால் சுமார் 18.3 மீட்டர். பஸ் போக 3.25 மீட்டரில் இரண்டு தடங்கள், 6.5 போயிற்று. ஒவ்வொரு பக்கமும் நடக்க 2.5, மரத்துக்கும் கம்பத்துக்கும் தள்ளுவண்டிக்கும் 1.5, இரண்டு பக்கமும் சேர்த்து 8 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் வண்டி நிறுத்த 2 மீட்டர். மிச்சம் 1.8, அதைப் பாதியாகப் பிரித்துக் கடை வாசல்களுக்குக் கொடுத்துவிடலாம். இடமே இல்லை என்று எல்லோரும் சொல்லும் தெருவில் இவ்வளவும் அடங்குகிறது. இந்தக் கணக்கை உங்கள் தெருவின் அகலத்தை வைத்துத் திரும்பத் திரும்பப் போடுங்கள். இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் கற்றுக்கொள்ளும் வடிவமைப்பில் பெரும்பகுதி இதுதான்.

பிளாட்பாரம் போட்டாலும் ஜனங்க ரோட்லதான் நடக்கறாங்க. அப்புறம் எதுக்கு போடணும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் மக்களுக்கு ஒழுங்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டே கேட்கிறார்கள். சாலையில் நடப்பவர் பின்னால் வரும் ஹாரனைக் கேட்டுக்கொண்டே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அதையும் மீறி அவர் கீழே இறங்குகிறார் என்றால் மேலே நடக்க முடியவில்லை என்று பொருள்.

ஏன் முடியவில்லை என்று நடந்து பார்த்தால் தெரியும். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதை இறங்கி ஏறும். நூறு மீட்டரில் பத்து கேட் இருந்தால் பத்து முறை இறங்கி ஏற வேண்டும்; முட்டிவலி உள்ள ஒருவர் இரண்டாவது கேட்டிலேயே சாலைக்கு வந்துவிடுவார். இதற்குத் தீர்வு எளிது: நடைபாதையை ஒரே மட்டத்தில் விட்டுவிட்டு, கார் ஏறி இறங்க ஓரத்தில் சின்னச் சாய்தளம் கொடுப்பது. ஏறி இறங்கும் சிரமத்தை நடப்பவரிடமிருந்து எடுத்துக் காருக்குக் கொடுக்கிறோம், காருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

உயரமும் ஒரு காரணம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிடும். தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று நடைபாதையையும் உயர்த்துவார்கள். வீடுகள் பள்ளத்துக்குப் போகும், நடைபாதை ஒரு அடி உயர மேடையாகிவிடும். அதன்மேல் வயதானவர் யாரும் ஏறமாட்டார். ஆகவே, களத்துக்குப் போகும்போது டேப்பால் அகலத்தோடு உயரத்தையும் அளந்து வாருங்கள்.

சக்கர நாற்காலியில் வர்றவங்களுக்கு ஒரு ராம்ப் வெச்சா போதுமா?

போதாது. ராம்ப் 1:12 சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது 150 மில்லிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். பைக் ஏறாமல் தடுக்க வைக்கும் குட்டைக் கம்பங்களுக்கு நடுவே குறைந்தது 900 மில்லிமீட்டர் விட வேண்டும், 1.2 மீட்டர் விட்டால் வசதி. பார்வையற்றவர்கள் காலால் உணர்வதற்காக நடைபாதையில் பதிக்கும் ஓடுகளில் கோடு போட்டவை வழியைக் காட்டும், புள்ளி வைத்தவை எச்சரிக்கும். இரண்டையும் மாற்றிப் பதித்துவிட்டு மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடும் தெருக்கள் நிறைய. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வந்த பிறகு, பொது இடத்தை அவர்களும் பயன்படுத்தும்படி அமைப்பது சட்டக் கடமை. ஒருவரையாவது கூட அழைத்துச் சென்று தெருவில் நடந்து பார்த்துவிட்டு வரையுங்கள்.

சிக்னல்ல நடக்கறவங்களுக்கு எத்தனை செகண்ட் கொடுக்கணும்?

நடை வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 14 மீட்டர் சாலைக்குச் சுமார் 12 வினாடி வரும். குழந்தையோடு வருகிறவரும் வயதானவரும் அந்த வேகத்தில் நடப்பதில்லை, 0.9 என்று வைத்தால் 16 வினாடி ஆகிறது. பள்ளி, மருத்துவமனை, கோயில் பக்கம் இரண்டாவது கணக்கைத்தான் நான் போடச் சொல்வேன். நீங்கள் எடுத்த எண்ணிக்கையில் முதியவர்களைத் தனியாகப் பிரிக்கச் சொன்னது இதற்குத்தான்.

தள்ளுவண்டிக்காரங்களை எடுத்துட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துடுமே?

தீராது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுத்துச் சான்று கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அது. இடம் ஒதுக்குவதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

2023 ஏப்ரலில் மெரினா அருகே நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மீன்கடைகளை அகற்றப் போனபோது மீனவர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தக் கரையில் மீன் இறக்கி விற்பது அந்தச் சாலைக்கு முந்தைய வழக்கம். பிறகு அவர்களுக்குத் தனி மீன் அங்காடி கட்டப்பட்டது. ஒரு சாலையை வரையும்போதே அங்கே விற்கிறவரையும் வாங்குகிறவரையும் அளவுக்குள் கொண்டுவந்தால் இந்தச் சண்டை வராது. மேலே 60 அடிக் கணக்கில் மரத்தோடு தள்ளுவண்டிக்கும் சேர்த்து 1.5 மீட்டர் வைத்தது அதற்காகத்தான். வியாபாரி இருக்கும் தெருவில் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் தைரியமாக நடக்க முடிகிறது என்பதையும் எண்ணிக்கை எடுக்கும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

பார்க்கிங்கை எடுத்தா கடைக்காரங்க விடுவாங்களா? எங்களைத் திட்டுவாங்களே.

முதலில் திட்டுவார்கள். உட்கார்ந்து கேளுங்கள், பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம். அப்புறம் அவர் கடைக்கு வந்தவர்கள் எதில் வந்தார்கள் என்று ஒரு மணி நேரம் வாசலில் நின்று அவரோடு சேர்ந்தே எண்ணுங்கள். நடந்தும் பஸ்ஸிலும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது பல கடைக்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடை வாசலில் காலையிலிருந்து நகராமல் நிற்கும் வண்டி பல நேரம் கடைக்காரருடையதாகவே இருக்கும்.

தி.நகர் பாண்டி பஜாரிலும் இந்தப் பயம் இருந்தது. அங்கே தியாகராயா சாலையை முதலில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனம் இல்லாமல் விட்டுப் பார்த்தார்கள். தற்காலிகத் தடுப்புகள் வைத்து ஒத்திகை நடந்தது. 2019 நவம்பரில் அகலமான நடைபாதையுடன் தெரு திறக்கப்பட்டது, பக்கத்திலேயே அடுக்குமாடி வாகன நிறுத்தமும் வந்தது. இன்று மாலையில் போய்ப் பாருங்கள், எதுவும் வாங்காமல் உட்கார்ந்து பேசவென்றே குடும்பங்கள் வருகின்றன. அங்கேயும் குறைகள் உண்டு. பராமரிப்பு சீராக இல்லை, நடைபாதையில் பைக் ஏறுகிறது. அவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

இதுக்குப் பதிலா ஸ்கைவாக் கட்டிட்டா சுலபம் இல்லையா?

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறந்தது. ரயிலிலிருந்து இறங்கி நேராக பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு அது நன்மை. ரங்கநாதன் தெருவில் கடைக்குப் போகிறவர் கீழே இறங்கியே ஆக வேண்டும், கீழே இருக்கும் தெரு அப்படியேதான் இருக்கிறது. சாலையைக் கடக்க மட்டும் மேம்பாலம் கட்டுவதை நான் ஏற்பதில்லை. கார் தரையிலேயே போகும்போது நடக்கிறவரை மாடி ஏறச் சொல்வதில் நியாயம் இல்லை.

மரம் நட்டா மட்டும் போதுமா? எந்த மரம்?

புங்கன், வேம்பு, பூவரசு, மகிழம் எல்லாம் நம் மண்ணில் நன்றாக வரும். எந்த மரம் என்பதைவிட அடியில் எவ்வளவு மண் விடுகிறோம் என்பது முக்கியம். சுற்றிலும் ஒரு மீட்டராவது மண்ணாக இருக்கட்டும். தண்டு வரைக்கும் கான்கிரீட் போட்டால் வேர் பரவ வழியில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது வேர் வட்டத்தோடு பெயர்ந்து கிடந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இருக்கும் மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் தடத்தை வளைத்து வரையப் பழகுங்கள்.

போன மாசம் போட்ட நடைபாதையை இந்த மாசம் தோண்டறாங்களே, ஏன்?

ஒரே சாலைக்குக் கீழே குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின் கேபிள், தொலைபேசி, இணையக் கேபிள் எல்லாம் ஓடுகின்றன. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், மின்சாரம் மின்வாரியம், வடிகால் மாநகராட்சி. சில பெரிய சாலைகள் மாநகராட்சியிடமே இல்லை, நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எஸ்டிமேட், தனி டெண்டர், தனிக் காலம்.

பெங்களூரில் ரெசிடென்சி ரோடு, கன்னிங்ஹாம் ரோடு முதலியவற்றை டெண்டர்ஷ்யூர் என்ற முறையில் எடுத்துக் கட்டியபோது, குழாய்களையும் கேபிள்களையும் முதலிலேயே நடைபாதைக்குக் கீழே ஒழுங்காகக் கொண்டுவந்து, திறந்து பார்க்க வழியும் வைத்தார்கள். செலவும் நாளும் கூடின. ஆனால் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டிய தேவை குறைந்தது. உங்கள் இன்டர்ன்ஷிப்பில் ஒரு நாளாவது ஜோனல் ஆபீசில் உதவிப் பொறியாளரோடு உட்காருங்கள். தெருவுக்கு அடியில் இருப்பது பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த வரைபடத்திலும் இருக்காது.

நாங்க வரைஞ்சதைக் கட்டுவாங்களா, இல்லை அலமாரியில போட்டுடுவாங்களா?

முழுத் தெருவையும் இரண்டு மாதத்தில் கட்ட முடியாது. சர்வே, விரிவான திட்ட அறிக்கை, நிதி, டெண்டர் என்று வருடங்கள் ஆகும். கொள்கை அளவில் குறை இல்லை. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பதற்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. அது தெருவுக்கு வந்து சேருவதில்தான் தாமதம்.

ஆனால் ஒத்திகை செய்யலாம். பெயின்ட், கூம்புகள், மண் நிரப்பிய தொட்டிகள், போலீஸ் அனுமதி, வார்டு கவுன்சிலரின் ஒத்துழைப்பு இருந்தால் ஒரு சந்திப்பின் முனையை ஒரே வாரத்தில் சுருக்கி, கடக்கும் தூரத்தைக் குறைத்துக் காட்டலாம். முன்னும் பின்னும் அதே இடத்தில் எண்ணுங்கள். கடக்க எத்தனை வினாடி காத்திருந்தார்கள், வண்டி எந்த வேகத்தில் திரும்பியது என்ற இரண்டு எண்கள் கையில் இருந்தால் பொறியாளரிடம் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

தெரு அழகானா வாடகை ஏறி, இருக்கறவங்களே வெளியே போகணுமே?

உண்மையான கவலை. கடைத்தெரு சீரானதும் சின்ன டெய்லரும் செருப்புத் தைப்பவரும் முதலில் அடிபடுவார்கள். ஒரு வடிவமைப்பாளரால் வாடகையைத் தடுக்க முடியாது. ஆனால் எந்தத் தெருவை முதலில் எடுப்பது என்று பேசும் இடத்தில் நாம் இருப்போம். சென்னையில் 200 வார்டுகள். பணம் எல்லாம் தி.நகருக்கும் பெசன்ட் நகருக்குமே போகாமல் வியாசர்பாடிக்கும் எண்ணூருக்கும் போக வேண்டும் என்று அங்கே சொல்லலாம். எல்லாப் பகுதியிலும் நல்ல நடைபாதை இருந்தால் ஒரு தெரு மட்டும் விலை ஏறுவதற்குக் காரணமும் குறையும்.

எங்க கணக்கு ஒண்ணு சொல்லுது, அங்க இருக்கறவங்க வேற கேக்கறாங்க. யார் பேச்சைக் கேக்கறது?

முதலில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டத்துக்கு வந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரர்கள், ஆண்கள், வண்டி வைத்திருப்பவர்கள். காலை ஆறு மணிக்கு வீட்டுவேலைக்கு நடந்து வரும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார்கள். உங்கள் எண்ணிக்கைத் தாளில் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போய், பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

அதன் பிறகும் வேறுபாடு இருந்தால், பாதுகாப்பு சம்பந்தப்பட்டதில் கணக்கை விட்டுக்கொடுக்காதீர்கள். நடக்கும் அகலம், கடக்கும் தூரம், வண்டியின் வேகம் இந்த மூன்றும் அதில் வரும். திண்ணை எங்கே, பூக்கடை எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் வேண்டுமா, பிள்ளையார் கோயில் முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதிலெல்லாம் அவர்கள் சொல்வதை அப்படியே வரையுங்கள். தினமும் அங்கே இருப்பவர்கள் அவர்கள்தான். வரைந்ததைத் தரையில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டுக் காட்டி, அவர்கள் காலால் நடந்து பார்த்துத் திருத்திய பிறகு அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள்.